ஆயிரத்திருநூறு மீட்டர் ஆறு

படித்துறைப் பலகையில் அடி என்று எழுதவேண்டிய இடத்தில் மீட்டர் என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை ஆறு ஆயிரத்திருநூறு மீட்டர் அகலமாகியிருந்தது.

ஏன் ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன்: பலகையைப் பார், ஆற்றைப் பார், இரண்டும் ஒத்துப்போகிறதா இல்லையா?

தப்பு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் நெடுந்துறையில் யாரும் எண்ணுக்குப் பின்னால் அளவின் பெயரைச் சொல்வதில்லை. மல்லிகை இரண்டு என்றால் முழம், ரவிக்கைத் துணி ஒன்று என்றால் மீட்டர், மனை நாற்பதுக்கு அறுபது என்றால் அடி, சந்தை எட்டு என்றால் கிலோமீட்டர், கிணற்றில் தண்ணீர் இரண்டு என்றால் ஆள் உயரம். வெளியூர்க்காரன்தான் "ரெண்டு என்னது?" என்று கேட்பான். கேட்ட உடனே அவன் வெளியூர் என்று தெரிந்துபோகும். ஆறு ஆயிரத்திருநூறு. அடி என்று சொல்ல வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. பலகை எழுதச் சொல்லி ஆபீசிலிருந்து எனக்கு வந்த சீட்டிலும் "அகலம் 1200" என்றுதான் இருந்தது, எழுதினவனும் எங்கள் ஊர்க்காரன். நானோ அந்த வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் "வளைவு 100 மீ", "பள்ளி 200 மீ" என்று முப்பது பலகை எழுதிவிட்டு வந்திருந்தேன். கை தானாக மீ போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதினேன். சனிக்கிழமை விடிந்ததும் குளிக்கப் போனவர்கள் பார்த்தார்கள், எதிர்த்துறையின் ஆலமரம் கொத்தமல்லிக்கட்டு அளவுக்குச் சிறுத்துப்போய் அந்தப் பக்கம் நின்றது, அங்கே துணி துவைத்தவர்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள், துவைக்கிற சத்தம் அவர்கள் கையை ஓங்கி இறக்கி மறுபடி ஓங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒரு வீடும் முழுகவில்லை. ஒரு வாழைக்கன்றும் நகரவில்லை. நம் கரை நம் கரையாகவே இருந்தது, அவர்கள் கரை அவர்கள் கரையாகவே இருந்தது, நடுவில்தான் தண்ணீர் கூடியிருந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் பெஞ்சை ஆற்றைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஊருக்கு ஒரு நிமிர்வு வந்துவிட்டது. போனில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, "உங்க ஊர் ஆறு எவ்வளவு? எங்களுது ஆயிரத்திருநூறு, மீட்டர்" என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு எண்ணுக்குப் பின்னால் அளவின் பெயர் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

எனக்கு மட்டும் அந்த நிமிர்வு வரவில்லை. என் மகன் குணாளனுக்குப் புதன்கிழமை கல்யாணம். பெண் எதிர்த்துறை.

இரண்டு துறைக்கும் ஒரு கட்டு உண்டு. எதிர்த்துறைப் பெண் எங்கள் துறைக்கு வாழ வந்தால் தோணியில்தான் வரவேண்டும், முகூர்த்தம் முடிவதற்குள் அவள் கால் எங்கள் படியில் படவேண்டும். படாவிட்டால் ஆறு விடவில்லை என்று பொருள். அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தத்தை இரண்டு கரையிலும் யாரும் பேசமாட்டார்கள். தோணியோ சும்மா மிதந்து வருகிற தோணி அல்ல. எங்கள் கரையோரம் சுழல் உண்டு, அதனால் எதிர்க்கரைக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றை விட்டு விட்டுத்தான் இக்கரைக்கு வருவார்கள். கயிறும் தோணியும் சேர்ந்து ஆயிரத்திருநூறு அடி. ஒரு விரல்கடை கூடாது, குறையாது.

குணாளன் உரக்கடையில் எடை போடுகிறவன். வயது முப்பத்தெட்டு. பதினோரு ஜாதகம் போய்ப் பதினொன்றும் திரும்பி வந்த பிறகு பன்னிரண்டாவதாகக் கிடைத்தவள் தமயந்தி. அவளும் எதிர்த்துறை ரேஷன் கடையில் எடை போடுகிறவள்தான், வயது முப்பத்து நாலு.

"அப்பா, பலகை நீங்க எழுதினதா?" என்றான்.

"ஆமா."

"மீட்டரா?"

"கண்ணு தெரியலியா உனக்கு?"

நேரே படித்துறைக்குப் போனேன். பலகையைத் தேய்த்து மீ-யை எடுத்துவிட்டு அடி என்று போட்டேன். ஆறு அசையவில்லை. ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு தடவை மீட்டருக்குப் போனதை அடிக்குத் திருப்ப வழியில்லை பெயிண்டர். சரியான மீட்டர் எண் எழுதினாச் செல்லும்" என்றார். ஆறும் அதே ஆபீசில்தான் சம்பளம் வாங்குகிறது போலிருக்கிறது.

அப்படியானால் ஆயிரத்திருநூறு அடி எத்தனை மீட்டர்? இதுதான் கேள்வி. ஒரே வரிக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் ஊரில் காலிச் சுவர் இல்லை, கரித்துண்டாலும் சுண்ணாம்பாலும் செங்கல் துண்டாலும் எல்லாரும் கணக்குப் போட்டார்கள், பூக்காரி முழத்தில் போட்டாள், கொத்தனார் அடியில் போட்டார், மாட்டுக்காரர் மாடு எடுத்துவைக்கிற எட்டில் போட்டார், டீக்கடையில் சர்க்கரையைக் கொட்டி அதில் விரலால் போட்டார்கள், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சௌக்கியம் விசாரிக்காமல் "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று விசாரித்தார்கள், ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை, வராததற்காகக் கைகலப்பும் ஆனது. அப்படி ஒரு உற்சாகத்தை எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியசாமி வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். கரைக்கு வந்து இடுப்பில் கைவைத்து ஆற்றைப் பார்த்தார்.

"மூணு புள்ளி ரெண்டு எட்டு," என்றார்.

"என்ன சார் அது?"

"அதாலே ஒண்ணு பெருக்கணும், இல்லேன்னா வகுக்கணும்."

"எது சார் இதுக்கு?"

அவர் மறுபடி ஆற்றைப் பார்த்தார். அதுதான் அவர் செய்த தப்பு. புத்தகத்தைப் பார்த்திருந்தால் வகுத்திருப்பார். "இவ்வளவு பெரிய ஆத்தை வகுக்கவா முடியும்? பெருக்கு!" என்றார். கைதட்டினார்கள். 3936 என்று எழுதினேன். மீ-யின் சுழியை முடித்துத் தூரிகையை எடுப்பதற்குள் எதிர்க்கரை ஆலமரம் கடுகாகி, கடுகும் கண்ணுக்குத் தப்பியது.

வாத்தியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போன் அடித்தது. தமயந்தி. "மாமா, அங்க கணக்குப் போடற ஆளே இல்லியா?"

"நீ போடேன்."

"எடைன்னா சொல்லிடுவேன். நீளம் எனக்கு வராது மாமா." பிறகு, "அவரு சாப்பிட்டாரா?" என்றாள்.

"அவனுக்கென்ன? நாலு இட்லி தின்னான்."

"எப்பவும் ஆறு தின்பாரே?" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பஞ்சாயத்துத் தலைவி கனகவல்லி இறங்கினாள். கெட்டிக்காரி. மேஜை போட்டு, மைக் வைத்து, போனில் கணக்குப் போட்டு, ஒவ்வொரு படியையும் ஊருக்கு அறிவித்தாள். "ஆயிரத்திருநூறு அடி. அடிக்குப் பன்னெண்டு இஞ்ச். பதினாலாயிரத்து நானூறு!" கூட்டம் ஹோ என்றது. "இஞ்சுக்கு ரெண்டரை சென்டிமீட்டர். முப்பத்தாறாயிரம்!"

கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. விசில் அடித்தார்கள், துண்டை வீசினார்கள், யாரோ வேட்டு வெடித்தார்கள். முப்பத்தாறாயிரம், முப்பத்தாறாயிரம் என்று ஊரே கத்தியது. முப்பத்தாறாயிரம் என்ன என்று ஒருத்தன் கேட்கவில்லை. கேட்டால் வெளியூர்க்காரன் ஆகிவிடுவான். நானும் கேட்கவில்லை. இன்னும் நூறால் வகுக்க வேண்டும் என்பது தலைவிக்கே அந்தச் சத்தத்தில் மறந்துபோயிற்று. எழுதினேன். 36000 மீ.

கடல் வந்துவிட்டது.

தண்ணீர் கரிக்கவில்லை, ஆனால் அலை வந்தது, வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்தது, முப்பத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் எதிர்த்துறை என்று ஓர் ஊர் இருப்பதை நம்பித்தான் ஆகவேண்டும். ஊர் அதையும் ஒரே நாளில் செரித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கெல்லாம் மாங்காய்ச் சுண்டல் வந்துவிட்டது. வண்டிக் குதிரையை அவிழ்த்துக் கரையில் சவாரி விட்டான் ஒருத்தன். பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்து காலை நனைத்துக்கொண்டு போனார்கள். கலங்கரை விளக்கம் கேட்டு மனு எழுதினார்கள், கப்பல் வந்தால் எங்கே நிறுத்துவது என்று இரண்டு தெருவுக்கும் சண்டை வந்தது. சுண்டல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெயிண்டரே, ஒரு மாசம் கழிச்சு மாத்தேன்" என்றார். உதறிவிட்டு வந்தேன்.

வீட்டில் பந்தல் போட்டாயிற்று. குணாளன் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தான்.

"என்னடா சொல்றா?"

"வெளிநாட்டுப் போன் மாதிரி வேற மணி அடிக்குதுப்பா. சொல்றது பாதிதான் கேக்குது." போனைக் கீழே வைத்தான். "அவங்க வீட்ல நாளைக்கு விடியும்போதே தோணியில ஏறி உக்காந்திருவாங்களாம். ஆறு விட்டா வருவாங்களாம். விடலைன்னா..."

"விடும்டா."

"யாரு கணக்குப் போடுவாங்க?"

"நான்," என்றேன். "எதுக்கு வாத்தியாரும் தலைவியும்? மீட்டருக்கு மூணடி. என் வயசுக்கு இது தெரியாதா?"

புதன்கிழமை காலை, முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை, நான் எட்டரைக்கே ஏணியில் ஏறிவிட்டேன். ஆயிரத்திருநூறை மூன்றால் வகுத்தால் நானூறு. எழுதினேன். 400 மீ. பாயைச் சுருட்டுகிற மாதிரிக் கடல் சுருண்டு வந்தது, அலை அடங்கியது, கடுகு ஆலமரமானது, மரத்தடியில் மேளக்காரர் தெரிந்தார், தமயந்தியின் மாம்பழக் கலர்ப் புடவைகூடத் தெரிந்தது, இரண்டு கரையும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டன, எங்கள் மேளமும் அவர்கள் மேளமும் நடு ஆற்றில் மோதிக்கொண்டன. நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை. ஊர் முழுக்கத் தலையை அண்ணாந்து என்னைப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

தோணி புறப்பட்டது. கயிற்றை விட்டார்கள், விட்டார்கள், விட்டுக்கொண்டே வந்தார்கள், பெண் முன்னால் நின்றாள், தோணிக்காரர் கழி போட்டார், முக்கால் ஆறு தாண்டியது, ஆரத்தித் தட்டுடன் பெண்கள் கடைசிப் படிக்கு இறங்கினார்கள், அப்போது கயிறு விண்ணென்று இழுத்து நின்றது.

கயிறு தீர்ந்துவிட்டது. தோணிக்கும் படிக்கும் நடுவில் இன்னும் தண்ணீர் இருந்தது. சுழல் அங்கேதான்.

"அவிழ்த்துவிட்டா?" என்று இங்கிருந்து கத்தினார்கள்.

"அவிழ்த்துவிட்டா அடுத்த ஜில்லாவுலதான் போய்ப் பாக்கணும்!" என்று தோணிக்காரர் கத்தினார்.

மணி ஒன்பதே முக்கால். வேட்டியை அவிழ்த்துக் கட்டுங்கள் என்றார் ஒருவர். புடவையைக் கட்டுங்கள் என்றார் இன்னொருவர். வேட்டி எட்டு முழம், புடவை ஆறு கெஜம், துண்டு இரண்டு முழம், ஜமக்காளம் பத்தடி, இதில் எதை எத்தனை முடிந்தால் எத்தனை மீட்டர் வரும், அதுவே தெரியாமல் எதையெதையோ முடிந்து கல்லைக் கட்டி வீசினார்கள், போதவில்லை, சுழல் அதை வாங்கி முறுக்கிக் கொண்டுபோயிற்று. மேளம் நின்றுவிட்டது. குணாளன் பட்டு வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். நாலு பேர் அவனை இழுத்துப் பிடித்தார்கள். எதிரே அவள் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எறங்காதீங்க! அங்கியே நில்லுங்க!" என்று அலறினாள். ஏணியில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினேன். நானூறு சரிதானே? மூன்றால் சரியாகத்தானே வகுத்தேன்?

அப்போதுதான் டெய்லரம்மா வந்தாள். ஊரே ஐந்து நாளாகக் கரையில் நின்றபோது இவள் ஒருத்திதான் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காதவள், என் வீட்டுக் கல்யாணத்துக்கே பதினாறு ரவிக்கை அவள் கையில் இருந்தது. மாப்பிள்ளைச் சட்டையின் கையைச் சுருக்கி எடுத்துக்கொண்டு வந்தவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பலகையை ஒரு தடவையும் தோணியை ஒரு தடவையும் பார்த்தாள்.

"நானூறுன்னு யாரு போட்டது?"

"நான்தான்," என்றேன். "மீட்டருக்கு மூணடி."

"கெஜத்துக்குத்தாண்ணே மூணடி. மீட்டரு அதவிடப் பெரிசு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சும்மா போ."

"ஒண்ணா?" என்றாள். "கெஜக்கணக்குல துணி எடுத்துட்டு வந்து மீட்டருன்னு சொல்லி என் உசிர எடுக்கறது பூரா உங்க வயசு ஆளுங்கதான். கை வெக்கத் துணி பத்தாது. கேட்டா நான் திருடிட்டேன்னு சொல்றது. எறங்குங்க கீழ!"

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கினேன்.

கழுத்திலிருந்து டேப்பை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பன்னெண்டு இஞ்ச் பாருங்க. ஒரு அடி. பாத்தாச்சா?" கட்டைவிரலை எடுக்காமல் டேப்பைத் திருப்பினாள். "பின்னாடி என்ன போட்டிருக்கு?"

"முப்பது... முப்பதரை."

"முப்பதரை என்னா?"

நெடுந்துறையில் அந்தக் கேள்வியை உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. "சென்டிமீட்டர்," என்றேன்.

"அப்ப ஆயிரத்திருநூறு அடிக்கு? ஆயிரத்திருநூறு முப்பது எவ்வளவு?"

"முப்பத்தாறாயிரம்," என்றாள் கூட்டத்திலிருந்த கனகவல்லி. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆயிரத்திருநூறு அரை?"

"அறுநூறு!" இந்தத் தடவை கூட்டமே சொன்னது.

"கூட்டு!"

"முப்பத்தாறாயிரத்து அறுநூறு!"

"என்னா?"

"சென்டிமீட்டர்!"

"நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்னா?"

கூட்டத்துக்குப் பின்னால், எப்போது வந்தாரோ, ஆரோக்கியசாமி வாத்தியார் எம்பி எம்பிக் குதித்து, "வகுக்கணும்! வகுக்கணும்! வகுக்கணும்!" என்று கத்தினார்.

"முந்நூத்தி அறுபத்தாறு," என்றாள் டெய்லரம்மா. "உங்க நானூறுல முப்பத்து நாலு மீட்டர் துண்டு அதிகம். அந்தப் புள்ள அதுலதாண்ணே நிக்கிறா. எழுதுங்க."

மணி பத்தே கால். ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நானூறைத் துணியால் துடைத்தேன், மூன்று போட்டேன், ஆறு போட்டேன், இன்னொரு ஆறு போட்டேன், பின்னால் திரும்பாமல் மீ போட்டேன். திரும்பிப் பார்த்தால் தோணி நின்ற இடத்திலேயே நின்றது, கயிறு விண்ணென்று அப்படியே இருந்தது, நடுவிலிருந்த முப்பத்து நாலு மீட்டர் தண்ணீர் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது, கொசுவம் வைக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாக உள்ளே போயிற்று, சுழல் ஒரு மடிப்புக்குள் சிக்கி அதோடு போயிற்று, தோணி வந்ததா படித்துறை போனதா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது, தோணியின் மூக்கு எங்கள் கடைசிப் படிக்கு நேரே வந்து நின்றது. தொடவில்லை. ஒரு சாண் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"அது என்ன ஒரு சாண்?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"டேப்புல ஒரு அடி முப்பதரைக்கு ஒரு இழை கம்மிண்ணே. ஆயிரத்திருநூறு தடவை சேந்தா ஒரு சாண் கூடத்தான் செய்யும். தையலுக்கு விட்டதுன்னு வெச்சுக்குங்க."

தமயந்தி புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அந்த ஒரு சாணைத் தாண்டினாள். கால் படியில் பட்டபோது மணி பத்து இருபத்திரண்டு. இரண்டு கரை மேளமும் ஒரே அடியில் ஆரம்பித்தன. குணாளன் சொட்டச் சொட்ட நனைந்தபடி அவளைப் பார்த்து நின்றான். "சட்டையாவது மாத்திக்குங்க," என்றாள் அவள், கல்யாணப் பெண் பேசக்கூடாத நேரத்தில். டெய்லரம்மா கையிலிருந்த சட்டையை அவன் தோளில் போட்டாள். கை அளவு சரியாக இருந்தது.

பந்தி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சின்னத் தூரிகையை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். வழியில் தையல் கடையில் நின்றேன். அந்தக் கடைக்குப் பலகை எழுதியவனும் நான்தான், "லேடீஸ் டெய்லர்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"உன் பேர் என்னம்மா?"

மிஷினை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"கேட்டாச் சொல்லேன்."

சொன்னாள்.

போய் ஏணி போட்டு ஏறி, 366 மீ-க்குக் கீழே, வலது ஓரத்தில், பெயிண்டர் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற இடத்தில், எழுதினேன்:

கணக்கு: சபுரா பீவி.